கன்சீல்டு கேரிக்கு (துப்பாக்கிய வெளிய தெரியாம உடம்புல மறைச்சு வச்சுக்கறதுக்கு) எந்த கேலிபர் (தோட்டா விட்டம்) எடுக்கலாம்? 9 எம்எம், 380, 45ன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க

கேட்டி_கடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கேன், மச்சானோட சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷனும் அத ஒட்டின கன்வீனியன்ஸ் ஸ்டோரும் நடத்துறோம். ராத்திரி கடை அடைக்கிறது பெரும்பாலும் என் பொறுப்பு, கல்லாவ எண்ணி முடிச்சு பணப்பைய எடுத்துட்டு இருட்டுல பார்க்கிங் லாட்ட தாண்டி தனியா காருக்கு நடக்கணும். எங்க ரோட்லயே இன்னொரு கடைக்காரர துப்பாக்கிய காட்டி மிரட்டி பணத்த புடுங்கிட்டு போய்ட்டாங்க, அதுலேர்ந்து வீட்டுல நான் வந்து சேர்ற வரைக்கும் யாரும் தூங்கறதில்ல.

கிரீன் கார்டு இருக்கு, அதனால வாங்கறதுல சட்டப் பிரச்சனை இல்லன்னு விசாரிச்சுட்டேன். லைசென்ஸ் டு கேரி கிளாசுக்கும் பேர் கொடுத்தாச்சு. ஊர்ல என்சிசில .22 ரைஃபிள் சுட்டிருக்கேன், அத விட்டா அனுபவம்னு ஒண்ணும் கிடையாது.

இப்ப குழப்பம் என்னன்னா கேலிபர். கன் ஷாப்ல கவுண்டர்ல இருந்தவர் "45க்கு கீழ எதையும் நம்பாத"ன்னு அடிச்சு சொல்றாரு. மச்சான் "நீ ஒல்லி ஆளு, ஹூஸ்டன் வெயில்ல டி-ஷர்ட் தான் போடுவ, 380ல சின்னதா ஒண்ணு எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோ"ன்றான். யூடியூப்ல பாத்தா எல்லாரும் 9 எம்எம் 9 எம்எம்ன்றாங்க. நடுவுல .40ன்னு ஒண்ணு இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல அதுதான் விலை கம்மியா கிடைக்குது, ஏன் கம்மின்னு தெரியல. எனக்கு உயரம் 5 அடி 4 அங்குலம், கையும் சின்னது. ஏன் இத எடுக்கணும்னு காரணத்தோட சொன்னீங்கன்னா உதவியா இருக்கும், வெறும் பேர் மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

ரேஞ்ச்_ராவுத்தர்:

தம்பி, காரணத்தோட கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நான் இங்க வார இறுதில புதுசா வர்றவங்களுக்கு சுட சொல்லித் தர்றவன், இந்த கேள்வி வராத வாரமே இல்ல.

முதல்ல அந்த .40 ஏன் மலிவுன்னு சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கதையிலயே உங்க கேள்விக்கு பாதி பதில் இருக்கு. 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமில எஃப்பிஐ ஆளுங்க எட்டு பேர் ரெண்டு பேங்க் கொள்ளைக்காரங்கள மடக்கினாங்க. துப்பாக்கிச் சண்டைல ரெண்டு ஏஜென்ட் செத்துட்டாங்க, அஞ்சு பேருக்கு காயம். அதுல ஒரு கொள்ளைக்காரனுக்கு ஆரம்பத்துலயே ஒரு 9 எம்எம் தோட்டா கையத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போச்சு, ஆனா இதயத்துக்கு சுமார் ஒரு அங்குலம் முன்னாடியே நின்னு போச்சு. அவன் அதுக்கப்புறமும் நிமிஷக்கணக்குல சுட்டுக்கிட்டே இருந்தான். அன்னிக்கு எஃப்பிஐ செஞ்ச தப்புங்க நிறைய, ஆனா அந்தத் தோட்டா போதுமான ஆழம் போகலன்றது பெரிய விஷயமாச்சு. அதுலேர்ந்து தான் பெலிஸ்டிக் ஜெல்லட்டின்ல (சதைக்கு பதிலா சோதனைக்கு வைக்கிற ஜெல்லி) குறைஞ்சது 12 அங்குலம் போகணும், 18 அங்குலத்துக்கு மேல போகக்கூடாதுன்ற அளவுகோல் வந்துச்சு. இன்னிக்கும் எல்லா கம்பெனியும் அத வச்சுத்தான் தோட்டா தயாரிக்கிறான்.

அப்புறம் எஃப்பிஐ 10 எம்எம்க்கு தாவினாங்க, அது நிறைய ஏஜென்ட்டுங்களுக்கு கையில அடங்கல, அதனால வெடிமருந்த கொறச்சாங்க, மருந்து கொறைஞ்சப்புறம் அவ்வளவு நீளமான கேஸ் (மருந்து அடைக்கற உலோகக் கூடு) எதுக்குன்னு அதையும் வெட்டி 1990ல வந்தது தான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. அமெரிக்கா முழுக்க போலீஸ்காரங்க அத எடுத்தாங்க. அதே எஃப்பிஐ 2014ல மறுபடி கணக்கு போட்டுப் பாத்து 9 எம்எம் தான் சரின்னு திரும்பி வந்துட்டாங்க. காரணம் ரெண்டு. ஒண்ணு, இடைப்பட்ட காலத்துல ஹாலோ பாயின்ட் (முனைல குழி வச்சு, உள்ள போனதும் விரியற) தோட்டா தரம் ரொம்ப ஏறிடுச்சு, இப்ப நல்ல 9 எம்எம் தோட்டா அந்த 12லேர்ந்து 18 அங்குலத்துக்குள்ள ஒழுங்கா போய் விரியுது, .40க்கும் .45க்கும் அதுக்கும் காயத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ரெண்டாவது, அவங்க ஆளுங்க பெரும்பாலானவங்க .40 விட 9 எம்எம்ல வேகமாவும் சரியாவும் சுடறாங்க. நிஜ சம்பவத்துல பயிற்சி எடுத்த போலீஸ்காரங்களே சுடற தோட்டால 70லேர்ந்து 80 சதவீதம் குறி தப்புதுன்னு அதே அறிக்கைல எழுதியிருந்தாங்க. அதத் தொடர்ந்து நாடு முழுக்க டிபார்ட்மென்டுங்க .40ய வித்துட்டு 9க்கு மாறினாங்க, அந்தப் பழைய துப்பாக்கிங்க தான் நீங்க கடைல பாக்குற மலிவு சரக்கு. சரக்குல குத்தம் இல்ல, ஆனா புதுசா கத்துக்கறவருக்கு அந்த எகிறல் வேண்டாம்.

ஏன் சைஸ் பெருசா வித்தியாசப்படலன்னு ஒரு வார்த்தை. 9 எம்எம் தோட்டா 0.355 அங்குலம், 45 தோட்டா 0.451 அங்குலம். வித்தியாசம் ஒரு அங்குலத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. கைத்துப்பாக்கித் தோட்டா ரைஃபிள் தோட்டா மாதிரி வேகமா போறதில்ல, அதனால பக்கத்துல இருக்க தசைய எல்லாம் கிழிச்சுட்டு போகாது, எது வழியா போகுதோ அதத்தான் சேதப்படுத்தும். அப்ப எங்க படுது, எவ்வளவு ஆழம் போகுதுன்றது தான் எல்லாமே. கையில படற 45ஐ விட நெஞ்சுக்கு நடுவுல படற 9 எம்எம் ஆயிரம் மடங்கு மேல். சினிமால மாதிரி ஆள தூக்கி வீசற கைத்துப்பாக்கின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது.

உங்க உடம்புக்கும் வெயிலுக்கும் இப்ப சின்ன 9 எம்எம் வசதியா வந்துடுச்சு. முன்ன எல்லாம் சின்னதா வேணும்னா ஆறோ ஏழோ ரவுண்ட் தான். 2018ல சிக் பி365 வந்தப்புறம் ஒரு அங்குல தடிமன்ல, காலி மாகசினோட (தோட்டா அடுக்கற பெட்டி) அரை கிலோ எடைல, 10 ரவுண்ட் மாகசின் பிளஸ் சேம்பர்ல (குழலோட பின்முனை அறைல) ஒண்ணு. அதுக்கப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், கிளாக் 43எக்ஸ்னு வரிசையா வந்துடுச்சு. மச்சான் சொல்ற பாக்கெட் 380 இதவிட சின்னது தான், ஆனா ரூகர் எல்சிபி மாதிரி 270 கிராம் துப்பாக்கில 380 சுட்டுப் பாருங்க, உள்ளங்கைல பளார்னு அறையும். தோட்டா சின்னதுன்னா உதை கம்மின்னு ஜனங்க நெனச்சுக்கறாங்க, துப்பாக்கி எடையும் கிரிப் (கைப்பிடி) நீளமும் தான் பாதி உதைய தீர்மானிக்குது. அரை கிலோ 9 எம்எம் அத விட சாதுவா இருக்கும்.

இன்னொண்ணு காசு. பிராக்டிஸ் தோட்டால 9 எம்எம் தான் எப்பவும் விலை கம்மி. 380 சின்னதா இருந்தாலும் அதவிட விலை ஜாஸ்தி, 45 இன்னும் ஜாஸ்தி. மாசா மாசம் ரேஞ்சுக்குப் போய் சுடணும்னா இது பெரிய விஷயம், ஏன்னா விலைய பாத்து பிராக்டிஸ குறைக்கிற ஆளுங்கள நான் நிறைய பாக்குறேன்.

வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து சுடுங்க. ஹூஸ்டன்ல வாடகைத் துப்பாக்கி தர்ற ரேஞ்ச் நிறைய இருக்கு. 7 கஜத்துல ஒரு சாதா காகிதத் தட்ட ஒட்டி வச்சு, ஒவ்வொரு துப்பாக்கிலயும் அஞ்சு ரவுண்ட எவ்வளவு சீக்கிரம் தட்டுக்குள்ள போட முடியுதுன்னு பாருங்க. எதுல வேகமா அஞ்சும் உள்ள விழுதோ அதுதான் உங்க கேலிபர், கவுண்டர்ல நிக்கிறவர் சொல்றது இல்ல.

சான்_அன்டோனியோ_மாமா:

ராவுத்தர் சொன்னதுல முக்கால்வாசிய நான் ஒத்துக்கறேன், ஆனா 45அ இப்படி ஒரேயடியா ஓரங்கட்டறது நியாயம் இல்ல. நான் பல வருஷமா 1911 (45ல வர்ற பழைய பெரிய பிஸ்டல் மாடல்) தான் வச்சிருக்கேன். 45 உதைன்னு பயமுறுத்தறாங்களே, ஸ்டீல் ஃபிரேம் 1911ல 230 கிரெய்ன் (தோட்டா எடைய சொல்ற அளவு) தோட்டா சுட்டுப் பாத்தா அது ஒரு மெதுவான தள்ளு மாதிரி தான் இருக்கும், சின்ன .40 மாதிரி வெடுக்குன்னு எகிறாது. ஹாலோ பாயின்ட் ஏதோ காரணத்தால விரியலன்னு வச்சுக்கோங்க, தடிச்ச ஜாக்கெட் துணி அடைச்சுக்கிட்டா விரியாம போகலாம், அப்ப 9 எம்எம் 9 எம்எம்மாவே இருக்கும், 45 அப்பவும் 45 தான். அந்த மிச்சம் எனக்கு மனசுக்கு தெம்பு.

ஆனா உண்மையையும் சொல்லிடறேன், 1911 ஒரு கிலோவுக்கு மேல எடை, மாகசின்ல ஏழோ எட்டோ தான். நான் உயரமான ஆளு, எப்பவும் மேல ஒரு சட்டைய திறந்து போட்டுப்பேன், அதனால மறையுது. கேட்டி தம்பி டி-ஷர்ட் ஆளு, சின்ன கைன்றாரு. 45அ சின்ன பிளாஸ்டிக் துப்பாக்கில அடைச்சு வாங்கிட்டீங்கன்னா என் 1911ல இருக்கற சாதுத்தனம் எதுவும் அதுல இருக்காது, அத மட்டும் செய்யாதீங்க. பெரிய துப்பாக்கில 45 நல்லது, சின்னதுல வேண்டாம், இதுதான் என் கருத்து.

பிளேனோ_அக்கா:

எல்லாரும் தோட்டாவ பத்தியே பேசறீங்க, ஸ்லைட, அதாவது துப்பாக்கி மேல்பக்கம் முன்னும் பின்னும் நகர்ற உலோகப் பகுதிய, இழுக்கறத பத்தி யாரும் பேசலையே. எனக்கு மணிக்கட்டுல கார்ப்பல் டனல் இருக்கு, சின்ன 9 எம்எம் எல்லாத்துலயும் ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கும். துப்பாக்கி சின்னதாக ஆக ஸ்லைடோட எடை கம்மி ஆகுது, அந்தக் குறைய ஸ்பிரிங் தான் ஈடுகட்டணும், அதனால தான் கடைல சின்னத எடுத்து "பொண்ணுங்களுக்கு இது நல்லா இருக்கும் மேடம்"னு குடுக்கறது தப்பான ஆலோசனை. எனக்கும் ஒரு கடைல அப்படித்தான் குடுத்தாங்க, பாதி தூரம் கூட இழுக்க முடியல.

முதல்ல இழுக்கற முறைய கத்துக்கோங்க தம்பி. இடது கை விரல் நுனியால ஸ்லைட பின்னால பிடிச்சு இழுக்கக் கூடாது. துப்பாக்கிய நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு வந்து, குழல் எப்பவும் ஆளில்லாத பக்கமா பாத்தபடி, இடது உள்ளங்கைய ஸ்லைடு மேல முழுசா கவுத்து நாலு விரலாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அத அசையாம வச்சுக்கணும், வலது கையால கிரிப்ப முன்னால குத்தற மாதிரி தள்ளணும். கை பலத்த விட தோள் பலம் அதுல வேலை செய்யும். விரல் டிரிகர்ல இருக்கவே கூடாது, சொல்லவே வேண்டியதில்ல. இந்த முறைய காமிச்சுக் குடுத்தப்புறம் கைவலி இல்லாத என் சிநேகிதிங்க எல்லாரும் 9 எம்எம் தான் எடுத்தாங்க.

எனக்கு அப்படியும் முடியல, அதனால 380ல ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு இஸி எடுத்தேன். அது உள்ளுக்குள்ள ஹேமர் வச்ச டிசைன், ஸ்பிரிங் ரொம்ப லேசு, ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும், மாகசின்லயே ஒரு பட்டன் இருக்கு அத கீழ அழுத்திப் பிடிச்சுக்கிட்டா தோட்டா போடறதும் சுலபம். எட்டு ரவுண்ட், சேம்பர்ல ஒண்ணு. அதே இஸி 9 எம்எம்லயும் வருது, அதையும் சுட்டுப் பாருங்க. 380னு சொன்னா பழைய பிளோபேக் டிசைன் (ஸ்லைடு எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே உதைய தாங்கற) துப்பாக்கிங்களையும் சேத்துத்தான் சொல்றாங்க, வால்தர் பிபிகே மாதிரி, அதுல ஸ்பிரிங்கும் முரடு உதையும் முரடு, பேர் ஒண்ணா இருந்தாலும் அது வேற சாதி.

380க்கு ஒரு குறை இருக்கு, மறைக்கக் கூடாது. மூணு அங்குலத்துக்கு உள்ள இருக்க குழல்ல ஹாலோ பாயின்ட் போட்டா பல பிராண்டுல விரிஞ்சா ஆழம் பத்தாது, ஆழம் போனா விரியாது. ரெண்டும் ஒழுங்கா நடக்கிற தோட்டாவ தேடித்தான் எடுக்கணும், 9 எம்எம்ல அந்த தேடல் இல்ல, ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் எத எடுத்தாலும் வேலை செய்யும். ஸ்லைட ஒழுங்கா இழுக்க முடியற கை இருந்தா 9 எடுங்க. முடியலன்னா 380 எடுக்க வெக்கப்பட வேண்டாம்.

அப்புறம் வீட்டுல குழந்தைங்க இருக்கா? அத நீங்க எழுதல.

கேட்டி_கடைக்காரன்:

அக்கா, ராவுத்தர் அண்ணா, மாமா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. ரெண்டு பசங்க இருக்காங்க அக்கா, ஒருத்தன் மிடில் ஸ்கூல், சின்னவ கிண்டர்கார்டன்.

இன்னொரு சந்தேகம். கடைக்கு வர்ற ஒரு பெரியவர், ஓய்வு பெத்த போலீஸ்காரர், "உனக்கு 38 ஸ்பெஷல் ரிவால்வர் போதும், ஜாம் ஆகாது, எடுத்து அழுத்தினா வெடிக்கும், சிம்பிள்"னு சொன்னாரு. அது நல்ல யோசனையா? ஸ்லைடு பிரச்சனையே இல்லையே?

ஆஸ்டின்_மெக்கானிக்:

ரிவால்வர பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான் தினமும் ஜே ஃபிரேம் 642 (ஸ்மித் அண்ட் வெசனோட குட்டி 38 ரிவால்வர்) தான் பாக்கெட்ல வச்சுக்கிட்டு அலையறேன், ஆனா அத முதல் துப்பாக்கியா உங்களுக்கு சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவர் பொய் சொல்லல, அது ஜாம் ஆகறது அபூர்வம், தோட்டா வெடிக்கலன்னா மறுபடி அழுத்தினா அடுத்த தோட்டா வந்துடும், கோட் பாக்கெட்டுக்குள்ள இருந்தே சுட்டாலும் வேலை செய்யும், ஒருத்தன் மேல விழுந்து கட்டிப்பிடிச்சு மல்லுக்கட்டற நேரத்துல அத மாதிரி ஒண்ணு இல்ல. ஆனா "எளிமை"ன்றது அதோட மெக்கானிசத்துக்கு, சுடறதுக்கு இல்ல.

டிரிகர் ஒவ்வொரு தடவையும் 12 பவுண்டுக்கு பக்கமா இழுக்கணும், ஒரு சாதாரண கிளாக்ல 5, 6 பவுண்டு தான். துப்பாக்கியே ஒரு பவுண்டுக்கு கீழ, டிரிகர் 12 பவுண்டு, விரல் இழுக்க இழுக்க குழல் ஆடும். சைட்டுன்னு பேருக்கு ஒரு காடி, முன்னால ஒரு மேடு, ரெண்டுக்கும் நடுவுல தூரம் கம்மின்றதால சின்ன தப்பும் பெருசா தெரியும். அஞ்சே ரவுண்ட். மறுபடி நிரப்பறது பதட்டத்துல நடக்காத காரியம்னே வச்சுக்கோங்க. லேசான ஃபிரேம்ல பிளஸ் பி (பிரஷர் ஜாஸ்தியான) தோட்டா சுட்டா கை ரெண்டு நாளைக்கு கடுகடுன்னு இருக்கும், நான் அதுல 148 கிரெய்ன் வாட்கட்டர் தான் போடறேன், முன்பக்கம் தட்டையா இருக்கற பழைய டார்கெட் தோட்டா, உதை கம்மி, ஆழம் சரியா போகும், விரியறத நம்பியே இருக்க வேண்டியதில்ல.

நிறைய சுட்டுப் பழகினவனுக்கு அது அருமையான ரெண்டாவது துப்பாக்கி. புதுசா வர்றவருக்கு, அதுவும் பார்க்கிங் லாட்ல ரெண்டு பேர் வரலாம்ன்ற நெலமைல இருக்கவருக்கு, 11 ரவுண்ட் 9 எம்எம் எங்க, 5 ரவுண்ட் ரிவால்வர் எங்க. ரெண்டு பேரா வர்றதெல்லாம் கடைக் கொள்ளைல சர்வ சாதாரணம்.

நியூஜெர்சி_நண்பன்:

கேலிபர் விஷயத்துல பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் சட்டப் பக்கம் சிலது சொல்றேன், ஏன்னா இத படிக்கிறவங்கள்ல பாதி பேர் விசால இருப்பாங்க.

கேட்டி ப்ரோக்கு கிரீன் கார்டு, பிரச்சனை இல்ல. ஆனா எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி நான் இமிக்ரன்ட் விசால இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம், செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்குன்னு ஒரு சில வழி தான் இருக்கு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதுக்கும் அதே விதி தான். "ஃபிரண்டோட போய் நாலு ரவுண்ட் சுட்டேன்"னு ஃபோட்டோ போடற தம்பிங்க கிரீன் கார்டு கனவையே பணயம் வைக்கிறாங்க. அதே மாதிரி விசால இருக்க சொந்தக்காரருக்காக நீங்க உங்க பேர்ல வாங்கிக் குடுக்காதீங்க, துப்பாக்கி வாங்கறப்ப கடைல நிரப்பற ஃபார்ம் 4473ல ஒரு கேள்வியே நிஜமா வாங்கறது நீதானான்னு தான், அதுல பொய் சொன்னா ஜெயில்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுது. எங்க நியூஜெர்சில 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் புரூயன் (Bruen) தீர்ப்பு வர்ற வரைக்கும் சாதாரண ஆளுக்கு கேரி பெர்மிட்ன்றதே எட்டாக்கனி, இப்ப கிடைக்குது, ஆனா ஹாலோ பாயின்டுக்கு இங்க தனிக் கட்டுப்பாடு இருக்கு, டெக்சாஸ்காரர் சொல்ற தோட்டாவ கண்ண மூடிக்கிட்டு வாங்கி போட்டுக்கிட்டு வெளிய போக முடியாது. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்லேர்ந்து 21 வயசுக்கு மேல தகுதி உள்ளவங்களுக்கு லைசென்ஸ் இல்லாமலே கேரி பண்ணலாம்னு இருந்தாலும் ப்ரோ லைசென்ஸ் எடுக்கறது நல்ல முடிவு, வேற மாநிலம் போகறப்ப உதவும், கிளாஸ்லயே எப்ப சுடலாம் எப்ப கூடாதுன்னு சட்டமும் சொல்லித் தருவாங்க. கோவில், ஆஸ்பத்திரி, மால் வாசல்ல 30.06 போர்டு (லைசென்ஸ் இருந்தாலும் மறைச்சு எடுத்துட்டு வரக்கூடாதுன்ற அறிவிப்பு) இருக்கான்னு பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க.

ரொம்ப முக்கியமா ஊருக்குப் போற பை. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பைய எந்தக் காரணத்துக்கும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீங்க. லைனிங் கிழிசல்ல மாட்டின ஒரே ஒரு 9 எம்எம் ரவுண்ட் போதும், இந்தியால ஏர்போர்ட் ஸ்கேனர்ல மாட்டினா ஆர்ம்ஸ் ஆக்ட் கேஸ், தெரியாம வந்துடுச்சுன்னு கோர்ட்ல நிரூபிச்சு வெளிய வர்றதுக்குள்ள லீவு, பாஸ்போர்ட், வேலைன்னு எல்லாம் சிக்கிடும். அங்க 9 எம்எம் சாதாரண ஜனங்களுக்கு லைசென்சே தராத, தடை செஞ்ச கேலிபர், அங்க லைசென்ஸ் வச்சிருக்கவங்க பிஸ்டல்னா பெரும்பாலும் .32 தான் வச்சிருப்பாங்க.

பிளேனோ_அக்கா:

தம்பி, கிண்டர்கார்டன் குழந்தை இருக்க வீட்டுல கேலிபர் முடிவாகறதுக்கு முன்னாடி லாக் பாக்ஸ் வாங்குங்க. டெக்சாஸ்ல தோட்டா போட்ட துப்பாக்கிய அஜாக்கிரதையா வச்சு அது 17 வயசுக்கு கீழ இருக்க குழந்தை கைக்குப் போச்சுன்னா அது பெத்தவங்க மேல குத்தம். சட்டத்த விடுங்க, அலமாரி மேல் தட்டு, மெத்தைக்கு அடியில, கார் கிளவ் பாக்ஸ், இதெல்லாம் ஒளிச்சு வச்ச இடமே இல்ல, பசங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும். படுக்கை பக்கத்துல விரல்ல பட்டன் அழுத்தி திறக்கற பெட்டி, கார்ல கேபிள் போட்டு சீட்டோட கட்டற பெட்டி, ரெண்டும். இடுப்புல இல்லாத நேரம் எல்லாம் பெட்டில. உங்க கிரிப் எவ்வளவு நல்லா இருந்தாலும் இது இல்லன்னா நான் வேண்டாம்னு தான் சொல்வேன்.

இன்னொண்ணு, கல்லாவ கேட்டா குடுத்துடுங்க. பணம் போனா போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கு. முடிஞ்சா மச்சானும் நீங்களுமா சேர்ந்து கடை அடைங்க, பணத்த பகல்ல பேங்க்ல போடுங்க. துப்பாக்கி உயிருக்கு மட்டும் தான்.

கேட்டி_கடைக்காரன்:

எல்லாரும் சொன்ன மாதிரி ரேஞ்சுக்குப் போய்ட்டு வந்தேன், அதான் எழுதறேன். கடை அடைக்கிறத ரெண்டு பேரா செய்யறதுன்னும் முடிவு பண்ணிட்டோம் அக்கா, டெபாசிட் பகல்ல தான்.

வாடகைக்கு எடுத்தது: 45ல கிளாக் 30, 38ல ஜே ஃபிரேம், 380ல எல்சிபியும் இஸியும், 9 எம்எம்ல பி365, அதோட கொஞ்சம் கிரிப் நீளமான எக்ஸ்எல். ராவுத்தர் அண்ணா சொன்ன காகிதத் தட்டு 7 கஜத்துல. 45 முதல் ரவுண்ட் தட்டுக்கு நடுவுல விழுந்துச்சு, ஆனா கிரிப் ரொம்ப தடி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் அப்புறம் என் உள்ளங்கை பின்பக்கம் நழுவி பிடிய மறுபடி சரிபண்ண வேண்டியதா இருந்துச்சு, அஞ்சு ரவுண்ட் முடியறதுக்குள்ள நேரம் ஓடிடுச்சு. ரிவால்வர்ல ரெண்டு தான் தட்டுல, மிச்சம் எல்லாம் இடது பக்கம் கீழ. எல்சிபில கட்டைவிரல் பள்ளத்துல அடி பட்டு சிவந்து போச்சு, மச்சானே ஒரு மாகசினுக்கு மேல வேண்டாம்னுட்டான். இஸி ரொம்ப சுகமா இருந்துச்சு, அஞ்சும் உள்ள. பி365லயும் அஞ்சுல நாலு உள்ள, ஆனா சுண்டுவிரலுக்கு கிரிப்ல இடமில்லாம கீழ தொங்குச்சு. எக்ஸ்எல்ல அந்த விரலுக்கும் இடம் கெடச்சதும் அஞ்சும் உள்ள, அதுவும் இஸியவிட வேகமா. அக்கா சொன்ன மாதிரி தள்ளி இழுத்தா ஸ்லைடும் பிரச்சனை இல்ல. கிளாக் 43எக்ஸ் அன்னிக்கு வாடகைக்கு இல்ல.

அதனால 9 எம்எம், பி365 எக்ஸ்எல்னு முடிவுக்கு வந்திருக்கேன். மாகசின்ல 12. லாக் பாக்ஸ் ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு. தோட்டா எச்எஸ்டி 124 கிரெய்னா 147ஆ? ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) எப்படி எடுக்கறது? லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு எவ்வளவு பிராக்டிஸ் வேணும்?

ரேஞ்ச்_ராவுத்தர்:

நல்ல வேலை செஞ்சீங்க தம்பி, கையில எடுத்து சுட்டுப் பாத்து முடிவு பண்ணது தான் சரி.

124ஓ 147ஓ, உங்க துப்பாக்கி எத தடங்கல் இல்லாம சுடுதோ அது. ரெண்டுலயும் ஒவ்வொரு பெட்டி வாங்கி முழுசா சுட்டுடுங்க, விலை ஜாஸ்திதான், ஆனா இடுப்புல வைக்கப் போற தோட்டாவ ஒரு தடவையாவது உங்க மாகசின்ல இருந்து சுட்டுப் பாக்காம நம்பக் கூடாது. ஸ்லைடு பாதில நின்னா, தோட்டா மூக்கு மாட்டினா, அந்த பிராண்ட மாத்திடுங்க. அதுக்கு முன்னாடி சாதா 115 கிரெய்ன் உருண்டை முனைத் தோட்டால ஒரு 200ஆவது ஓடட்டும். இன்னொரு பழக்கம் இப்பவே சொல்லிடறேன், ராத்திரி பெட்டில வைக்கறப்ப சேம்பர்ல இருக்க ரவுண்ட எடுத்து காலைல அதே ரவுண்ட மறுபடி மறுபடி ஏத்தாதீங்க. ஒவ்வொரு தடவை ஸ்லைடு அத அடிச்சு உள்ள தள்றப்பவும் தோட்டா கேசுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும், அமுங்கினா பிரஷர் தாறுமாறா ஏறும். ஹோல்ஸ்டரோடவே கழட்டி பெட்டில வச்சுடுங்க, தோட்டாவ தொட வேண்டிய அவசியமே இல்ல.

ஹோல்ஸ்டர் கைடெக்ஸ்ன்ற கெட்டி பிளாஸ்டிக்ல, டிரிகர முழுசா மூடறதா, உங்க மாடலுக்குன்னே அச்சு போட்டதா எடுங்க. எல்லா சைசுக்கும் பொருந்தும்னு விக்கற துணி ஹோல்ஸ்டர் வேண்டவே வேண்டாம். திரும்ப உள்ள வைக்கறப்ப அவசரமே இல்ல, டி-ஷர்ட் நுனி டிரிகர் பக்கம் போயிருக்கான்னு குனிஞ்சு கண்ணால பாத்து வைங்க, தன் காலையே சுட்டுக்கற விபத்து பெரும்பாலும் அந்த நேரத்துல தான் நடக்குது. ஒல்லி ஆளுங்கறதால முன்பக்கம் நல்லா மறையும், ஆனா கல்லாவுக்குப் பின்னால உக்கார்றப்ப வயித்துல குத்தும், வலது இடுப்புக்கு சற்று பின்னாலயும் வச்சுப் பாருங்க. பெல்ட் தான் ஹோல்ஸ்டரவிட முக்கியம், சாதா ஆபீஸ் பெல்ட்டு அரை கிலோவ தாங்காம தொங்கி டி-ஷர்ட்டுல முண்டு தெரியும், உள்ள விறைப்பு வச்ச கன் பெல்ட் ஒண்ணு வாங்கிக்கோங்க.

லைசென்ஸ் டெஸ்ட் கஷ்டம் இல்ல, 50 ரவுண்ட், 3 கஜத்துல 20, 7 கஜத்துல 20, 15 கஜத்துல 10, 250க்கு 175 எடுத்தா பாஸ். தட்டுல அஞ்சும் போட்டவருக்கு 15 கஜம் மட்டும் தான் கொஞ்சம் பழகணும். வீட்டுல காலித் துப்பாக்கில, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு, சேம்பர ரெண்டு தடவை பாத்துட்டு, டிரிகர மெதுவா இழுத்துப் பழகுங்க, சைட் ஆடாம டிரிகர் விழணும். காசே செலவில்லாத பிராக்டிஸ் அது. கிளாஸ் எந்த சனிக்கிழமைன்னு மெசேஜ்ல சொல்லுங்க, முந்தின வாரம் நம்ம ரேஞ்சுக்கு வந்தீங்கன்னா 15 கஜத்துல சேந்து சுட்டுப் பாக்கலாம், மச்சானையும் கூட்டிட்டு வாங்க.